அய்யா எழுதியதும் பேரன் எழுதுவதும்: செட்டிநாட்டில் எழுத்து தேய்ந்ததா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவில், சில சமயம் பழைய கணக்கேடுகளும் கடிதக் கட்டுகளும் கிடக்கும். ஏதோ ஒரு வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டபோது இரண்டாம் கட்டு அறையிலிருந்து வெளியே வந்தவை. விரித்தால் தலைப்பில் பிள்ளையார் சுழி, கீழே சிவமயம், அப்புறம் தமிழ் வருடமும் மாதமும் தேதியும். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ரூபாய்க்கு ௹. தொகைகள் எல்லாம் க, உ, ௩ என்று தமிழ் இலக்கத்தில். மை மங்கியிருக்கும், வரி வளையாது. தமிழில் முதுகலை முடித்தவரே முதல் பக்கத்தைப் படிக்கத் திணறுவார்.

பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அந்தக் காலத்து ஆளுக படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடம். எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை பன்னெண்டாவது முடிச்சிருச்சு, நாலு வரி பிழையில்லாம எழுத வரலை."

செட்டிநாடு முழுக்கக் கேட்கிற பேச்சுதான். மற்ற ஊர்களில் நினைவை நம்பிச் சொல்கிறார்கள்; இங்கே காகிதத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே நம்பத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் வழக்கு.

எழுத்துத் திறன் என்று ஒரே பேரில் நாம் சொல்வதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. கை அழகாக ஓடுவது ஒன்று. பிழையில்லாமல் எழுதுவது இன்னொன்று. எதிரில் இல்லாத ஒருவருக்கு ஒரு விஷயத்தைக் கோவையாக விளங்க வைப்பது வேறொன்று. கையெழுத்து மோசமாகியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேனா பிடிக்கிற நேரம் குறைந்தால் கை ஓடாது, அவ்வளவுதான். நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு விரிவாக நடக்கிறது, விசைப்பலகையில் தட்டும்போது அந்த அளவுக்கு இல்லை என்றது. அதில் மாணவர்கள் எழுதியதும் தட்டியதும் தனிச்சொற்களை. தட்டச்சு செய்தது ஒரே விரலால். சின்னப் பிள்ளைக்கு எழுத்து மனத்தில் பதிவதைப் பற்றி யோசிக்க அது உதவும். ஒரு பக்கக் கடிதம் நன்றாக வருமா என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கையெழுத்தை இதோடு விட்டுவிடுகிறேன்.

பெட்டியடியில் கற்ற பாடம்

அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எங்கே எழுதக் கற்றார்கள்? திண்ணைப் பள்ளியில் என்று சொல்வது முக்கால்வாசி தவறு. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள். அப்புறம் அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன். முந்திரி என்கிற முந்நூற்றிருபதில் ஒரு பங்கிலிருந்து காணி, மா, அரைக்கால், கால் என்று பின்ன வாய்ப்பாடுகளை ஒப்பிக்க வைத்தார்கள். மனப்பாடம்தான் அங்கே கல்வி. சொந்தமாக நாலு வாக்கியம் எழுதச் சொல்லித்தரும் வழக்கம் அதில் கிடையாது.

அதைச் சொல்லித்தந்தது செட்டியார்களின் வட்டிக்கடை. பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பல் ஏறுவான். பெட்டியடிப் பையன் என்று பேர். எடுபிடி வேலை, சமையலுக்கு ஒத்தாசை, கடிதத்தைப் பார்த்து நகல் எழுதுவது என்று தொடங்கி, அன்றாட வரவுசெலவைக் குறிப்பில் பதிவான். அதிலிருந்து பேரேட்டுக்குப் போவான். வருஷங்கள் போனபிறகு அடுத்தாள், அதற்கும் மேலே போனால் மேலாள், அதாவது ஏஜெண்டு. ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை. முதலாளி தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ பட்டாலையில் உட்கார்ந்திருப்பார். பணமெல்லாம் கடல் தாண்டி இருக்கும். 1930 வாக்கில் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு போட்ட மதிப்பின்படி, பர்மாவில் மட்டும் செட்டியார் கடைகள் சுமார் 1,650. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். கடல் தாண்டித் தொலைபேசியில் பேச முடியாத அந்த நாளில் இவ்வளவு பணத்தையும் முதலாளியோடு கட்டி வைத்திருந்தது தபால்.

அந்தத் தபாலில் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு என்ன ஈட்டின் பேரில் எவ்வளவு கொடுத்தோம், வட்டி என்ன, நெல் விலை எப்படிப் போகிறது, பக்கத்துக் கடைக்காரர் என்ன செய்கிறார், அடுத்தாள் நடத்தை எப்படி, வராத பாக்கி ஏன் வரவில்லை. ஒரு வரி குழப்பமாக இருந்தால் அங்கிருந்து கேள்வி வரும். கேள்வி வந்து பதில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விலை மாறிவிடும். பையன் எழுதியதை அடுத்தாள் பார்ப்பார், மேலாள் பார்ப்பார், கடைசியில் முதலாளி படிப்பார். திருத்துகிறவர்களுக்கு அதில் சொந்த லாபநஷ்டம் இருந்தது. இப்படி ஒரு எழுத்துப் பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

இந்தக் கடிதங்களின் நடையில் அலங்காரம் இருக்காது. "இவ்விடம் சேமம், அவ்விடம் சேமத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பம், "நிற்க" என்று ஒரு திருப்பம், அப்புறம் நேரே விஷயம். இந்த வாய்பாடு எல்லோருக்கும் பொது. எழுதத் தடுமாறுகிறவனையும் அது கைபிடித்து விஷயம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். இன்றைக்குக் கைபேசி "நலமா?" என்று அடித்தவுடனே அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதைக் கேலி செய்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் எழுதுகிற இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தமும் அப்படித்தான். ஊர், கோயில், பேர் மாறும், வாசகம் மாறாது.

பிழையில்லாத காலம் எது?

சரி, பிழைக்கு வருவோம். அந்தப் பழைய கடிதங்களை இன்றைக்குப் பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர் கையில் கொடுத்துத் திருத்தச் சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலான இடங்களில் புள்ளி இருக்காது. ஓலையில் எழுதிய வழக்கம் காகிதத்துக்கும் தொற்றி வந்தது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் பேதம் இல்லாமல் கிடக்கும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி கிடையாது. வல்லினம் மிகுவதும் மிகாததும் அவரவர் விருப்பம். இந்தப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும், மழையை மளை என்போம். அது அப்படியே எழுத்திலும் ஏறியிருக்கும். றகரமும் ரகரமும் இடம் மாறியிருக்கும். மதிப்பெண் போட்டால் பல ஏஜெண்டுகள் தேறமாட்டார்கள். ஆனால் முதலாளிக்கு விஷயம் விளங்கியது, வியாபாரம் நடந்தது.

அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சீரான எழுத்துக்கூட்டல் என்பதே அச்சும் பள்ளிக்கூடமும் பரவிய பிறகு பொதுமக்கள் மேல் வந்த கட்டாயம். அதற்குப் பிறகும் விதி மாறிக்கொண்டுதான் இருந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1930களிலிருந்து குடியரசில் அச்சிட்டு வந்த முறையை ஒட்டிய மாற்றம் அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று இன்று நாம் எழுதும் வடிவங்கள் அப்போதுதான் பாடப்புத்தகத்துக்கு வந்தன. லகரத்துக்கு மேலே தும்பிக்கை வளைத்துப் பழகிய அப்பத்தாவின் கண்ணுக்குப் பேத்தி எழுதியது தப்பாகத் தெரிந்தது. பேத்திக்கு அப்பத்தா எழுத்தைப் படிக்கவே வரவில்லை. இரண்டு பேருமே அவரவர் பள்ளிக்கூடத்தில் சரியாகக் கற்றவர்கள்.

பிழை கூடிக்கொண்டே போகிறதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்தப் புலம்பலுக்கு நெடிய வரலாறு. ஹார்வர்டு கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு எழுத வரவில்லை என்று 1890களிலேயே ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1975 டிசம்பரில் நியூஸ்வீக் வார இதழ் அதையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 2006இல் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் கேரன் லன்ஸ்ஃபோர்டும் நாடு முழுவதிலிருந்தும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை வாங்கிப் பிழைகளை எண்ணி, முன்பு எண்ணியவர்களின் முடிவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். நூறு சொல்லுக்குப் பிழை 1917இல் 2.11, 1930இல் 2.24, 1986இல் 2.26, 2006இல் 2.45. தொண்ணூறு வருஷத்தில் அவ்வளவுதான் ஏற்றம். எனக்கு இதைவிடச் சுவாரஸ்யம் கட்டுரையின் நீளம். 1917இல் சராசரி 162 சொல், 1986இல் 422, 2006இல் 1,038. பேரன் தாத்தாவைவிட ஆறு மடங்கு நீளமாக எழுதியிருக்கிறான். அதுவும் தாத்தா எழுதியது போலச் சொந்த அனுபவக் கதை கிடையாது, பெரும்பாலும் சான்று காட்டி வாதிக்கும் கட்டுரை.

பிழையின் ரகமும் மாறியிருந்தது. 1986இல் எழுத்துப்பிழை மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. 2006இல் அது ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. முதலிடத்துக்கு வந்தது தவறான சொல். காரணங்களில் ஒன்று கணினியின் பிழைதிருத்தி. எழுத்துக்கூட்டலைச் சரி செய்கிற அதுவே வேறொரு சொல்லை உள்ளே நுழைத்துவிடும். நம் கைபேசிகளிலும் இதே கதைதான் நடக்கிறது. குரலில் சொன்னால் ழகரம் ளகரம் பிசகாமல் விழுகிறது, ஆனால் வாக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சொல் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அனுப்பியவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். அமெரிக்கக் கல்லூரிக் கணக்கை அப்படியே தூக்கிக் காரைக்குடியில் வைத்துவிட முடியாது, அது வேறு மொழி, வேறு பள்ளிக்கூடம். ஆனாலும் பிழை இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வீழ்ச்சி என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு அது போதும்.

நம் ஊர்ப் புள்ளிவிவரங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஏசர் என்னும் கிராமப்புறக் கல்வி அறிக்கை. மூன்றாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் இந்திய அளவில் 2018இல் 20.9 சதவீதம், 2022இல் 16.3, 2024இல் 23.4. தாழ்ந்து கிடக்கிறது, உண்மை. ஆனால் படிக்கட்டில் இறங்குவது போல வருஷா வருஷம் இறங்கவில்லை. கொரோனாவில் விழுந்து, பிறகு பழைய அளவைத் தாண்டி எழுந்திருக்கிறது. இன்னொன்று, அது அளப்பது வாசிப்பையும் கணக்கையும். பிள்ளை எழுதுவதை அது பார்ப்பதில்லை. 2022இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சுமார் 47 ஆயிரம் பேர் தமிழில் தோற்றபோது தமிழ் அழிகிறது என்று பட்டிமன்றமே நடந்தது. அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளி பூட்டியது. ஒன்பதாம் வகுப்பை வீட்டில் கழித்தார்கள். அதை ஒரு தலைமுறையின் மேல் எழுதி வைப்பது நியாயமில்லை.

யார் எழுதினார்கள்

இந்த ஒப்பீட்டில் எனக்கு ரொம்பவும் உறுத்துவது, நாம் யாரை யாரோடு வைத்துப் பார்க்கிறோம் என்பது. அந்தக் கடிதக் கட்டு தொழிலாகவே எழுதப் பழகிய ஆண்களின் கட்டு. 1951இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18.33 சதவீதம், பெண்களில் 8.86. தமிழ்நாட்டில் 2011இல் அது 80 சதவீதம். அப்போது எழுதிய சிலரில் தேர்ந்தவர்களை எடுத்து, இப்போது எழுதுகிற எல்லோருடைய சராசரியோடும் நிறுத்துகிறோம்.

கடிதத்தின் மறுமுனையில் இருந்தவர்களைப் பாருங்கள். பர்மாவிலிருக்கும் கணவருக்கு ஆச்சி கடிதம் எழுத வேண்டும். எழுதத் தெரியாது என்றால் கொழுந்தனாரோ கணக்குப்பிள்ளையோ எழுதுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்லலாம். மாமியாரோடு சண்டை என்பதைச் சொல்ல முடியுமா? மூன்று வருஷம் பிரிந்திருக்கிற பெண் தன் மனத்தில் உள்ளதை இன்னொரு ஆண் கையில் கொடுத்து எழுத வைக்கிறாள். வந்த பதிலையும் அவரே படித்துக் காட்டுவார். அந்தக் கட்டுகளில் ஆச்சிகளின் நல்ல எழுத்து அதிகம் இல்லை என்றால், அவர்களுக்குச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. இனி, வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் வந்தவர்கள் பேர் அந்த ஏடுகளில் கூலிக் கணக்கில் மட்டும் வரும். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று அழகப்பா கல்லூரிகளிலும் பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியிலும் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறார்கள். ஒற்றுப்பிழையோடுதான் எழுதுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

எழுத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பது ஒன்றும் புதிதில்லை. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்கள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிலம் வைத்திருக்கிற படித்த ஆள்கூடத் தன் பத்திரத்தைத் தானே எழுதுவதில்லை. விடுப்பு விண்ணப்பத்தைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்குகிற பையனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம். கணக்குப்பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்தவர்களின் பேரன்மார்தானே நாம்.

மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிற இன்னொரு வாதம், சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் எட்டாம் வகுப்புவரைதான் படித்தார் என்பது. நல்லது. ஒரு கண்ணதாசனை வைத்து ஒரு தலைமுறையை அளக்க முடியாது. அவரோடு எட்டாம் வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்று கேட்பாரில்லை.

எது எஞ்சியது என்பதிலும் ஒரு வடிகட்டல் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகம், பத்திரிகை, துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு அந்தச் சேகரத்தை அடிப்படையாக வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. மற்றவர்கள் எடைக்குப் போட்டதை அவர் எடுத்து வைத்தார். அவர் மாதிரி ஆள் இல்லாத வீடுகளில் பணம் சம்பந்தப்பட்ட தாள் மட்டும் தங்கியது, அதாவது கவனமாக எழுதப்பட்ட தாள். கிறுக்கலெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டது.

உண்மையாகவே போனது

இவ்வளவு சொன்னாலும், ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நீளமாக, கோவையாக, தமிழில் ஒரு விஷயத்தை எழுதுகிற பழக்கம் செட்டிநாட்டில் குறைந்திருக்கிறது. அதுவும் யாரிடம் அதிகம் இருந்ததோ அவர்கள் குடும்பங்களில்தான் அதிகம் குறைந்திருக்கிறது.

காரணத்தைக் கைபேசியில் தேட வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கடையைப் போட்டுவிட்டு, கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தும் ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மாவின் நிலச்சட்டங்களும் 1963இல் நே வின் அரசின் தேசியமயமும் மிச்சத்தை முடித்து வைத்தன. ஏஜெண்டு போனார், ஏஜெண்டுக் கடிதமும் போயிற்று. 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்தது. அடுத்த தலைமுறை பொறியாளராகவும் ஆடிட்டராகவும் ஆயிற்று. அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை, ஆங்கிலத்தில் எழுதினார்கள். பெங்களூரில் உட்கார்ந்து முப்பது பக்கத் திட்ட அறிக்கை தயாரிக்கிற பேரன், ஆயாவுக்குத் தமிழில் எட்டு வரி எழுத முடியாமல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புகிறான். அவனுக்கு எழுத வராது என்று சொன்னால் அவன் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

பத்திரிகையும் அப்படித்தான். 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. பாரதி 1919இல் வந்து அதை வாழ்த்திப் பாடிவிட்டுப் போனார். அடுத்த சில வருஷங்களில் சொ. முருகப்பா, ராய. சொக்கலிங்கம் போன்றவர்கள் தனவைசிய ஊழியன், குமரன், ஊழியன் என்று இங்கிருந்தே இதழ் நடத்தினார்கள். புதுமைப்பித்தன்கூடச் சில காலம் ஊழியனில் வேலை பார்த்தார். கோட்டையூர் ஏ.கே. செட்டியார் ரங்கூனில் தனவணிகன் நடத்தினார். விதவை மணம், கல்யாணச் செலவு, கோயில் நிர்வாகம் என்று எதைத் தொட்டாலும் மறுப்பு வரும், மறுப்புக்கு மறுப்பு வரும். வட்டிக்கடைக்காரர் கட்டுரை எழுதினார், ஏனென்றால் அச்சிட ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தார், படித்துவிட்டுச் சண்டைக்கு வர ஆள் அடுத்த ஊரில் இருந்தார். இது போனதைத்தான் நான் பெரிய இழப்பாகச் சொல்வேன். பள்ளிக்கூடத்தால் ஈடு கட்ட முடியாத இழப்பு.

கடிதம் செத்ததற்கும் வாட்ஸ்அப்பைத் திட்டுகிறோம். 1980களில் சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். வீட்டில் டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதே கேசட்டின் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் முக்குக்கு முக்கு எஸ்.டி.டி. பூத் வந்தது. ராத்திரி பாதிக் கட்டணத்துக்குக் காத்திருந்து பேசினோம். இன்லேண்டு லெட்டர் அப்போதே படுத்துவிட்டது, ஸ்மார்ட்போன் வந்தது அதற்கு ரொம்பப் பிற்பாடு. குரல் கிடைத்தவுடன் ஜனங்கள் எழுத்தைக் கைவிட்டார்கள், ஏனென்றால் பெரும்பாலோருக்கு எழுத்து ஒரு சிரமமாகவே இருந்தது. எல்லோரும் ஆசையாகக் கடிதம் எழுதிய காலம் என்று ஒன்றைச் சொல்லும்போது அந்தச் சிரமத்தை மறந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. கடிதம், கட்டுரை எல்லாம் வினாத்தாளில் இருக்கின்றன. நூலகத்தின் பயன், பொங்கல் விழா, சாலைப் பாதுகாப்பு என்று நோட்ஸில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். நூலகத்துக்கு ஒரு நாளும் போகாத பிள்ளையும் போய்வருகிற பிள்ளையும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். திருத்துகிற ஆசிரியர் பக்கத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கையெழுத்து இடுகிறார். நாற்பது ஐம்பது நோட்டு, அதற்கு மேல் எமிஸ் என்னும் கல்வித்துறை இணையப் பதிவு வேறு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பெட்டியடிப் பையனுக்குக் கிடைத்த ஒன்று இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. "நீ எழுதியிருப்பது எனக்கு விளங்கவில்லை, இந்த ஆள் பணம் தருவானா மாட்டானா?" என்று திருப்பிக் கேட்கிற ஒருவர். மனப்பாடத்தில் திண்ணைப் பள்ளியும் இன்றைய பள்ளியும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றைக்குப் பள்ளி முடிந்தபின் கடை இருந்தது.

2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்புவரை நீண்ட எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் எண்ணறிவும் வரவேண்டும் என்பதற்கானது. அடித்தளத்துக்கு அது தேவை. அதற்கு மேலே, எட்டாவது ஒன்பதாவதில், சொந்தமாக ஒரு பக்கம் எழுதி அதை ஒருவர் படித்துக் கேள்வி கேட்டு மறுபடி எழுத வைக்கிற ஏற்பாடு எங்கும் கட்டாயமாக இல்லை.

கட்டாயம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கேயே உதாரணம் இருக்கிறது. நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் ஊர்களில் கோயில் நிர்வாகமும் புள்ளிக் கணக்கும் (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) இன்னும் உயிரோடு உள்ள விஷயங்கள். கும்பாபிஷேகச் செலவு, பொது இடத்து வாடகை, வரி பாக்கி என்று ஏதாவது ஒன்று கிளம்பினால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் தீர்மான வாசகத்தைப் போட்டு வரி வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பள்ளியை விட்டபின் பேனா தொடாத அறுபது வயது ஆச்சி, குரலில் சொல்லித் தட்டச்சாக்கி, ஒரு முழு நீளப் பதில் போடுகிறார். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற நாற்பது வயதுக்காரர்கள், தமிழில் எழுத வராது என்று வீட்டில் பேர் வாங்கியவர்கள், தங்கள் புள்ளிக்குரிய பங்கு குறைகிறது என்றவுடன் இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதுகிறார்கள். ஒற்று விடுபட்டிருக்கும், றகரம் இடம் மாறியிருக்கும். எந்தக் கூட்டத்தில் யார் என்ன ஒப்புக்கொண்டார்கள், எந்த ரசீது எந்தத் தேதியில் வந்தது, அடுத்த கூட்டத்துக்குள் என்ன கணக்கு வர வேண்டும் என்பதெல்லாம் வரிசைப்படி இருக்கும்.